செடிக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம்? ஆய்வுத் தேர்வுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தேர்வுக் குழு உறுப்பினர்களே,



பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியர் பணிக்கு நேர்காணல் நடத்துபவர்கள் நீங்கள். ஓர் ஆய்வுத் திட்டத்துக்கு நிதி கொடுக்கலாமா வேண்டாமா என்று கையெழுத்திடுபவர்களும் நீங்கள்தான். வெளிநாட்டில் ஆய்வு முடித்துவிட்டுத் திரும்பும் பிள்ளைகளுக்கு இங்கே இடம் உண்டா இல்லையா என்பது உங்கள் அறைக்குள் முடிவாகிறது. அதனால்தான் இந்தக் கடிதத்தை அமைச்சருக்கோ துணைவேந்தருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் தாவர நோயியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை. என்னிடம் பிஎச்.டி. முடித்த மாணவி ஒருவர் உங்களைப் போன்ற இரண்டு குழுக்களின் முன்னால் உட்கார்ந்து எழுந்து வந்தார். ஒன்று தாவரவியல் துறைக்கான நேர்காணல். மற்றொன்று மருத்துவ ஆய்வு நிறுவனம் ஒன்றில் நடந்தது. அவருடைய பயோடேட்டாவில் முன்பாதி தாவர நோய் எதிர்ப்பு, பின்பாதி கல்லீரல் நோய். தாவரவியல்காரர்கள் பின்பாதியைப் பார்த்துவிட்டு, "நீங்கதான் மெடிக்கல் பக்கம் போயிட்டீங்களேம்மா" என்றார்கள். மருத்துவக்காரர்கள் முன்பாதியைப் பார்த்துவிட்டு, "செடிக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம்? கீழாநெல்லி ஆராய்ச்சியா?" என்று கேட்டார்கள். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். பிறகு வந்த கடிதத்தில், ஆய்வில் ஒருமுகப்பட்ட கவனம் இல்லை என்று ஒரு வரி இருந்தது.

சம்பந்தம் என்ன என்பது நியாயமான கேள்வி. கேட்கத்தான் வேண்டும். கேட்டவர்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை என்பதுதான் என் மனக்குறை. அவரைச் சொல்லவிடாத அந்தப் பதிலை நான் இங்கே சொல்கிறேன். பொறுமையாகக் கடைசிவரை படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மஞ்சள் தேமல் விழுந்த உளுந்துக் காட்டை உங்களில் சிலராவது பார்த்திருப்பீர்கள். முதலில் இளம் இலையில் ஊசிமுனையளவு மஞ்சள் புள்ளிகள் தெரியும். பிறகு பச்சையும் மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலக்கும். முற்றிப்போனால் இலை முழுக்க மஞ்சளாகிவிடும். காய் பிடித்தாலும் சிறுத்து வளைந்திருக்கும், உரித்துப் பார்த்தால் பருப்பு சுருங்கிக் கிடக்கும். வெள்ளை ஈ பரப்புகிற ஒரு வைரஸ்தான் இத்தனையும் செய்கிறது. புதுக்கோட்டை வம்பனில் பயறு வகைகளுக்கென்று ஓர் ஆராய்ச்சி மையமே இருக்கிறது. அங்கிருந்து வரும் உளுந்து ரகங்களில் விவசாயிகள் முதலில் விசாரிப்பது, தேமலைத் தாங்குமா என்பதைத்தான்.

அந்த வைரஸின் மரபுப்பொருள் இரண்டு டிஎன்ஏ வளையங்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 2,700 எழுத்துகள். செடியின் செல்லுக்குள் புகுந்ததும் அவை உட்கருவுக்குப் போய்ச் சேர்கின்றன. அங்கே செடியின் சொந்த ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றிக்கொண்டு, செடியின் குரோமோசோம்களுக்கு நடுவே ஒரு குட்டிக் குரோமோசோமாக உட்கார்ந்துகொள்கின்றன. செடிக்கு நம்மைப் போல ரத்தத்தில் ஓடும் வெள்ளணுக்கள் கிடையாது, ஆன்டிபாடியும் கிடையாது. அது வேறு வழியில் போராடுகிறது. வைரஸ் டிஎன்ஏமீது மெத்தில் குறிகளைப் போட்டு, அதைச் செயல்பட முடியாதபடி ஒடுக்கப் பார்க்கிறது. அமெரிக்காவின் ஓஹியோவில் பிரியா ராஜா, டேவிட் பிசாரோ குழுவினர் 2008இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். குறி போடும் திறனை இழந்த செடிகள் இந்த வைரஸ் குடும்பத்திடம் மோசமாக அடிபட்டன. நோயிலிருந்து மீண்ட செடிகளின் புதுத் தளிர்களில் வைரஸ் டிஎன்ஏமீது குறிகள் நிறைந்திருந்தன. வைரஸும் சும்மா இருப்பதில்லை. அதனிடம் உள்ள ஒரு சிறு புரதம், குறி போடுவதற்குத் தேவையான செடியின் நொதி ஒன்றை முடக்கிவிடுகிறது. என் மாணவி உளுந்தில் படித்தது இந்தப் போராட்டத்தைத்தான்.

இப்போது அவருடைய பயோடேட்டாவின் பின்பாதிக்கு வாருங்கள். ஹெபடைடிஸ் பி வைரஸின் மரபுப்பொருளும் டிஎன்ஏ வளையம்தான். சுமார் 3,200 எழுத்துகள். அது கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, நம் ஹிஸ்டோன்களைச் சுற்றிக்கொண்டு, அங்கேயும் ஒரு குட்டிக் குரோமோசோமாக உட்கார்ந்துகொள்கிறது. என்டெகாவிர், டெனோஃபோவிர் மாத்திரைகள் வைரஸ் பெருகுவதை நன்றாக அடக்கும். ஆனால் அந்த வளையத்தை அழிக்காது. நோயாளிகளில் பெரும்பாலோர் ஆண்டுக்கணக்கில், பலர் ஆயுள் முழுக்க, மாத்திரை விழுங்க வேண்டியிருப்பது இதனால்தான். மனிதச் செல்லும் அந்த வளையத்தை ஒடுக்கப் பார்க்கிறது. எஸ்எம்சி5/6 என்னும் புரதக் கூட்டு அதன்மேல் உட்கார்ந்து அதைச் செயல்படவிடாமல் தடுக்கிறது. வைரஸின் எச்பிஎக்ஸ் என்னும் சிறு புரதமோ, அந்தக் கூட்டையே செல்லின் கழிவு இயந்திரத்துக்குள் தள்ளி அழித்துவிடுகிறது. இது 2016இல் நேச்சர் இதழில் வெளியானது.

இரண்டு வைரஸ்களும் உறவுக்காரர்கள் இல்லை. இரண்டின் தந்திரமும் வெவ்வேறு. அதை மறைத்துச் சொல்வது அறிவியல் ஆகாது. ஆனால் கேள்வியைப் பாருங்கள். உட்கருவுக்குள் உட்கார்ந்துவிட்ட அந்நிய டிஎன்ஏ வளையத்தை ஒரு செல் எப்படி அடையாளம் கண்டு ஒடுக்குகிறது? ஒரு சிறு வைரஸ் புரதம் அந்த ஒடுக்கத்தை எப்படி முறிக்கிறது? உளுந்தில் கேட்டாலும் கல்லீரலில் கேட்டாலும் கேள்வி மாறவில்லை. என் மாணவி முதலிலிருந்து இந்த ஒரே கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். இதற்குமேல் ஒருமுகப்பட்ட கவனம் என்று எதைச் சொல்வீர்கள்?

இது ஒரு பெண்ணின் விதிவிலக்கான கதை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடிய ஒரு வரலாற்றை நினைவூட்டுகிறேன். 1928இல் அமெரிக்காவில் விங்கார்ட் என்னும் தாவர நோயியலாளர், வளைபுள்ளி வைரஸ் தாக்கிய புகையிலைச் செடியின் படம் ஒன்றை வெளியிட்டார். கீழ் இலைகளில் நோய் கண்கூடாகத் தெரிந்தது. மேலே புதிதாக விட்ட இலைகளோ சுத்தமாக இருந்தன. அதே வைரஸை மறுபடி ஏற்றினாலும் நோய் வரவில்லை. அந்தச் செடி எதைக் கற்றுக்கொண்டது என்பது பல பத்தாண்டுகளுக்குப் புரியவில்லை. 1990இல் கலிஃபோர்னியாவில் ஜோர்கன்சனின் குழு, பெட்டூனியாப் பூவின் ஊதா நிறத்தை இன்னும் அடர்த்தியாக்க நினைத்து, நிறம் தரும் மரபணுவை இன்னொரு பிரதி சேர்த்துச் செலுத்தியது. பூக்கள் வெள்ளையாகவும், வெள்ளைத் திட்டுகளோடும் மலர்ந்தன. சேர்த்த மரபணு அடங்கியதோடு நிற்காமல், செடியில் ஏற்கெனவே இருந்ததும் சேர்ந்து அடங்கிப்போயிருந்தது. 1993இல் ஓரிகனில் லிண்ட்போவும் டவுஹர்ட்டியும், வைரஸ் மரபணு ஒன்றைத் தாங்கிய புகையிலைச் செடிகள் நோயிலிருந்து மீள்வதையும், மீண்ட செடியில் அந்த மரபணுவின் ஆர்என்ஏ அழிந்துபோவதையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். பூவின் நிறமும் புகையிலையின் நோய் எதிர்ப்பும் ஒரே இடத்தில் வந்து சந்தித்தன.

இங்கிலாந்தின் நார்விச் நகரில் டேவிட் பால்கோம் இந்தச் சந்திப்பைப் பிடித்துக்கொண்டார். லீட்ஸில் தாவரவியல் படித்தவர் அவர். செடியில் ஏதாவது ஒரு சிறு மூலக்கூறு இருக்க வேண்டும், எந்த ஆர்என்ஏவை அழிப்பது என்று அதுதான் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று தேடினார். அவரோடு வேலை செய்த ஆண்ட்ரூ ஹாமில்டன், அதற்கு முன்பு தக்காளி பழுப்பதைத் தாமதப்படுத்தும் ஆய்வில் இருந்தவர். இருவரும் 1999இல் சயன்ஸ் இதழில் மூன்றே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மரபணு ஒடுக்கப்பட்ட செடிகளில் எல்லாம், வைரஸ் தாக்கிய செடிகளிலும்கூட, சுமார் 25 எழுத்து நீளமுள்ள குட்டி ஆர்என்ஏக்கள் இருந்தன. ஒடுக்கம் நடக்காத செடிகளில் அவை இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் இரட்டை இழை ஆர்என்ஏ புழுக்களில் மரபணுவை ஒடுக்குவதைக் காட்டியிருந்தார்கள். வேலையைச் செய்யும் மூலக்கூறு எந்த அளவில் இருக்கும் என்று செடியிலிருந்து தெரிந்தது. 2001இல் ஜெர்மனியில் டுஷ்லின் குழு 21 எழுத்து நீள ஆர்என்ஏவைச் செயற்கையாகச் செய்து மனிதச் செல்லில் செலுத்தி, அங்கும் மரபணுவை ஒடுக்கிக் காட்டியது.

செடியின் இந்த ஒடுக்கத்தை நேரில் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. பச்சையாக ஒளிரும் புரதத்தை உண்டாக்கும்படி மாற்றிய ஒரு புகையிலை வகைச் செடியை இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழே வைத்தால், இலை முழுக்கப் பச்சையாக மின்னும். ஊசி மாட்டாத சிரிஞ்சை இலையின் அடிப்புறத்தில் வைத்து, அதே மரபணுவைச் சுமக்கும் பாக்டீரியாவை மெல்ல அழுத்திச் செலுத்துவோம். ஈரம் பரவுவது இலையில் கரும்பச்சைத் திட்டாகத் தெரியும். சில நாள் கழித்து மறுபடி விளக்கின் கீழே வைத்தால், அந்த இடத்தில் பச்சை அணைந்து சிவப்பு தெரியும். அது இலைப்பச்சையத்தின் சொந்த ஒளி. மேலே இருந்த பச்சை போனதால் வெளியே தெரிகிறது. அதற்குப் பிறகு ஊசியே படாத மேல் இலைகளில், முதலில் நரம்பை ஒட்டி, பிறகு இலை முழுக்க, சிவப்பு பரவும். ஓர் இலை கண்டுகொண்டதைச் செடி மற்ற இலைகளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறது. வைரஸ்கள் இதை முறிக்கப் புரதம் வைத்திருக்கின்றன என்பதும் 1998லேயே தெரிந்துவிட்டது. அந்த ஆண்டு வந்த முக்கியமான கட்டுரைகளில் ஒன்றின் முதல் பெயர் ஆர். ஆனந்தலட்சுமி.

இதெல்லாம் எப்படிக் கல்லீரலுக்கு வந்தது என்று கேட்பீர்கள். வர வேண்டிய காரணம் இருந்தது. உடலுக்குள் செலுத்தும் ஆர்என்ஏ எல்லா உறுப்புகளுக்கும் எளிதில் போய்ச் சேருவதில்லை. கல்லீரலின் நுண் ரத்தக்குழாய்ச் சுவர்களில் இயற்கையாகவே துளைகள் உண்டு, அங்கே போய்ச் சேர வழி இருந்தது. 2002இல் ஸ்டான்ஃபோர்டில், முழு வளர்ச்சி அடைந்த எலிகளில் ஆர்என்ஏ ஒடுக்கம் நடப்பதைக் காட்டியபோது, அதைக் காட்டியது கல்லீரலில்தான், குறிவைத்தவற்றில் ஒன்று ஹெபடைடிஸ் சி வைரஸின் ஒரு பகுதி. மறு ஆண்டே ஹார்வர்டில் ஜூடி லீபர்மன், பிரேம்லதா சங்கர் குழுவினர், எலியின் கல்லீரலைத் தீவிர அழற்சியிலிருந்து இதே முறையில் காப்பாற்றிக் காட்டினார்கள்.

2018 ஆகஸ்டில் அமெரிக்காவில் முதல் ஆர்என்ஏ ஒடுக்க மருந்துக்கு அனுமதி கிடைத்தது. பெயர் பாட்டிசிரான். கல்லீரல் உண்டாக்கும் ஒரு பிழையான புரதம் நரம்புகளில் படிந்து மனிதனை முடக்கும் பரம்பரை நோய்க்கானது. அதற்கு முன்பு அந்த நோயாளிகளுக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைதான் பெரிய வழியாக இருந்தது. 2019இல் கிவோசிரான் வந்தது. தாங்க முடியாத வயிற்று வலியோடு மருத்துவமனைக்கு ஓட வைக்கும் கல்லீரல் போர்பிரியா நோய்க்கு, மாதம் ஒருமுறை தோலுக்கடியில் போடும் ஊசி. 2020இல் லுமாசிரான். கல்லீரல் அளவுக்கு மீறி ஆக்சலேட் சுரப்பதால் சிறுநீரகம் பழுதாகும் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் அது. கிவோசிரானிலும் லுமாசிரானிலும் ஆர்என்ஏவோடு காலக்டோசமைன் வகைச் சர்க்கரை ஒன்றை முகவரிச் சீட்டு போல ஒட்டியிருப்பார்கள். கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் அந்தச் சர்க்கரையைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பி இருக்கிறது. இந்த வேதியியலை வளர்த்தெடுத்த குழுவை நடத்தியவர் முத்தையா மனோகரன், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்தவர். ஹெபடைடிஸ் பி நோய்க்கும் ஆர்என்ஏவைக் குறிவைக்கும் மருந்துகள் மனிதர்களில் சோதிக்கப்பட்டு வருகின்றன. அவை வைரஸ் புரதங்களைக் குறைக்கின்றன. உட்கருவில் உள்ள வளையம் இன்னும் மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சம்தான் என் மாணவியின் ஆய்வுப் பொருள்.

2008இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருதைப் பால்கோம், விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் மூவருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். லாஸ்கர் என்பது மருத்துவ ஆய்வுக்கான விருது. அதை ஒரு தாவரவியலாளருக்குக் கொடுக்க அந்தக் குழு தயங்கவில்லை. அவர்கள் கட்டுரைகளைப் படித்திருந்தார்கள். ஆர்என்ஏ ஒடுக்கத்துக்கான 2006 நோபல் பரிசு ஃபயருக்கும் மெல்லோவுக்கும் போனது. 2024இல் ஆம்ப்ரோஸுக்கும் ருவ்குனுக்கும் போனது. இரண்டு முறையும் செடி மட்டும் வெளியே நின்றது. அதற்கு அந்தக் குழுக்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். பால்கோமுக்கு அதனால் வேலை போகவில்லை, கேம்பிரிட்ஜில் தாவரவியல் பேராசிரியராக இருந்தார். நம் ஊரில் இருபத்தெட்டு, முப்பது வயதில் நேர்காணலுக்கு வரும் பிள்ளையை வெளியே நிறுத்தினால், அதோடு அந்தப் பிள்ளையின் ஆய்வு முடிந்துபோகிறது.

கீழாநெல்லிக்கு வருகிறேன். அந்தச் சிரிப்பு எனக்கு வலித்தது, அதனால் இதையும் சொல்ல வேண்டும். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் காலங்காலமாக உண்டு. அதைச் சோதித்துப் பார்க்கும் துணிவும் நம் ஊரில் இருந்தது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பெற்ற பாருக் ப்ளம்பெர்க், வெங்கடேஸ்வரன், மில்மன் மூவரும் 1987இல் இந்தச் செடிச் சாற்றின் ஆய்வக முடிவுகளை வெளியிட்டார்கள். 1988இல் சென்னையில் தியாகராஜன் குழுவினர், நோய் அறிகுறியின்றி வைரஸைச் சுமந்தவர்களுக்கு முப்பது நாள் கீழாநெல்லித் தூள் கொடுத்து, லான்செட் இதழில் முடிவைச் சொன்னார்கள். தூள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேற்பரப்புப் புரதம் ரத்தத்தில் காணாமல் போயிருந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், அந்தப் பலன் கிடைக்கவில்லை. வேறு இடங்களிலும் அதே விளைவு உறுதிப்படவில்லை.

இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு குழு சோதித்தது, வெளிப்படையாக எழுதியது, மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தார்கள், பலன் வரவில்லை என்று அவர்களும் எழுதினார்கள். அறிவியல் நடக்க வேண்டிய முறையே இதுதான். அதே சமயம், செடியையும் கல்லீரலையும் ஒரே பயோடேட்டாவில் பார்த்ததும் உங்களுக்கு மூலிகை மட்டும் நினைவுக்கு வருகிறது என்றால், விண்ணப்பதாரரின் கட்டுரைகளில் ஒன்றின் சுருக்கத்தைக்கூட நீங்கள் படிக்கவில்லை என்று அர்த்தம். கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். மென்மையாகச் சொல்ல வழி தெரியவில்லை.

படிக்க நேரம் இல்லை என்பீர்கள். ஒரு பதவிக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வருகிறது, புள்ளி போட்டுத்தான் வடிகட்ட முடியும் என்பீர்கள். புள்ளிகள் எதைச் சொல்கின்றன என்று பார்ப்போம். யுஜிசியின் 2018 விதிமுறை அட்டவணைப்படி, இம்பாக்ட் ஃபேக்டர் 10க்கு மேல் உள்ள இதழில் வந்த கட்டுரைக்கு 30 புள்ளி, 1க்கும் 2க்கும் இடைப்பட்ட இதழில் வந்ததற்கு 15. கல்லீரல் பற்றிய இதழ்களைப் படிப்பவர்கள், மேற்கோள் காட்டுபவர்கள் அதிகம், அதனால் அந்த எண் பெரிது. பயறு நோய் பற்றி எழுதும் இதழ்களின் எண் சிறிது. ஆகவே உளுந்து வயலில் பூச்சி எண்ணி, இலை சேகரித்து, டிஎன்ஏ பிரித்து ஆண்டுக்கணக்கில் செய்த வேலை, ஆய்வகக் குளிரில் செய்த வேலையில் பாதியாகிவிடுகிறது. இதில் உழைப்பின் அளவோ உண்மையின் அளவோ எங்கே இருக்கிறது?

எண் காட்டாத இன்னொன்றும் உண்டு, நேர்மை. இதே தாவர ஒடுக்க ஆய்வுத் துறையில், எண்ணிக்கையில் யாரும் எட்ட முடியாத உயரத்தில் இருந்த ஒருவரின் கட்டுரைகளில் படங்கள் மாற்றப்பட்டிருந்தது 2015இல் வெளியானது. அவருக்குக் கொடுத்த தங்கப் பதக்கத்தை ஐரோப்பிய அமைப்பு ஒன்று மறு ஆண்டு திரும்பப் பெற்றது. எந்தப் புள்ளி அட்டவணையும் அதைக் கண்டுபிடிக்கவில்லை; கட்டுரைகளை உட்கார்ந்து படித்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். இன்னொரு பக்கம் பமேலா ரொனால்டைப் பாருங்கள். நெல்லின் எக்ஸ்ஏ21 என்னும் நோய் எதிர்ப்பு மரபணுவை 1995இல் பிரித்தெடுத்துக் காட்டியவர். பாக்டீரியா நச்சை உணரும் அதே மாதிரி ஏற்பியை எலியில் அடையாளம் கண்டது அதற்கு மூன்றாண்டு கழித்து. அவருடைய ஆய்வகத்திலேயே, பிற்பாடு வந்த சில முடிவுகள் மறுபடி வரவில்லை என்று புதிய மாணவர்கள் கண்டார்கள். பாக்டீரியா மாதிரிகளில் பெயர்ச்சீட்டு மாறியிருந்தது. அவர் 2013இல் இரண்டு கட்டுரைகளைத் தாமே திரும்பப் பெற்றார். புள்ளிக் கணக்கில் அது நஷ்டம். ஒரு விஞ்ஞானியின் ஆய்வு வரலாற்றில் அதைவிடப் பெரிய நற்சான்று எது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. நிதி எங்கே கிடைக்கிறதோ அங்கே தாவுகிறவர்கள் உண்டு. ஒரு வருடம் நானோ, மறு வருடம் கோவிட், அடுத்த வருடம் செயற்கை நுண்ணறிவு என்று தலைப்பை மட்டும் மாற்றுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களையும் என் மாணவி போன்றவர்களையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று கேட்கலாம். அது அவ்வளவு கடினமில்லை. செடியிலிருந்து கல்லீரலுக்கு ஏன் போனாய் என்று கேட்டுவிட்டு, பத்து நிமிடம் பேச விடுங்கள். முதல் கட்டுரையின் முடிவுரையில் எழுப்பிய கேள்வி அடுத்த கட்டுரையின் முன்னுரையில் வருகிறதா என்று பாருங்கள். செடியில் கற்ற நுட்பம் எதையாவது கல்லீரல் செல்லில் பயன்படுத்தியிருக்கிறாரா, அங்கே அது ஏன் பலித்தது, ஏன் பலிக்கவில்லை என்று கேளுங்கள். தாவுகிறவர் அங்கேயே திணறிப்போவார். கேள்வியைச் சுமந்துகொண்டு வந்தவர் உங்கள் கரும்பலகைக்கு எழுந்து போய்ப் படம் வரையத் தொடங்கிவிடுவார்.

அமைப்பின் குறையும் இதில் உண்டு, எல்லாப் பழியையும் உங்கள்மேல் போட மாட்டேன். உளுந்து வைரஸ் என்றால் ஐசிஏஆர் வாசல், ஹெபடைடிஸ் என்றால் ஐசிஎம்ஆர் வாசல். இரண்டையும் சேர்த்து ஒரு திட்டம் எழுதினால், இது எங்களுடையது இல்லை என்று இரண்டு பக்கமும் திருப்பி அனுப்பும் நிலைமை இருக்கிறது. பல்கலைக்கழக விளம்பரங்களில் 'தொடர்புடைய பாடம்' என்ற சொல்லை எவ்வளவு குறுக்கிப் படிக்க முடியுமோ அவ்வளவு குறுக்கிப் படிக்கிறார்கள். வழக்குக்குப் போய்விடுவார்களோ என்ற பயம் உங்களுக்கு இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லும் இடத்தில் நிபுணர்களாக உங்களைத்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். எழுத்தர் செய்யக்கூடிய வேலைக்கு நிபுணர் எதற்கு?

இதில் யார் நஷ்டப்படுகிறார்கள் என்பதையும் யோசியுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் உலகில் 25.4 கோடிப் பேர் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றோடு வாழ்ந்தார்கள். இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 3 கோடிப் பேர். அந்த ஆண்டு உலகில் இந்த ஒரு வைரஸால் சிரோசிஸ், கல்லீரல் புற்றுநோய் என்று 11 லட்சம் பேர் இறந்தார்கள். பிறந்த குழந்தைக்குத் தடுப்பூசி போட்டால் வராமல் தடுக்கலாம். வந்துவிட்டவரிடமிருந்து முழுமையாக நீக்க இன்றைக்கு நிச்சயமான மருந்து இல்லை. இன்னொரு பக்கம் மானாவாரியில் உளுந்து விதைத்தவர், தேமல் விழுந்தால் விதைக் காசுகூடத் திரும்பாமல் செடியோடு மடக்கி உழுகிறார். இந்த இரண்டு பேருக்கும் பயன்படக்கூடிய ஒரு கேள்வியைக் கையில் வைத்திருப்பவரை, எந்தத் துறைக் கட்டடத்தில் உட்கார வைப்பது என்று தெரியாமல் நாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறோம். என் மாணவிக்கு வெளிநாட்டில் மறுபடி அழைப்பு வந்திருக்கிறது. அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுப் போக வேண்டுமே என்று இன்னும் முடிவெடுக்காமல் இருக்கிறார்.

நான் சலுகை கேட்கவில்லை. அவரை எடுத்துக்கொள்ளுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. அவரைவிடத் தகுதியானவர் அந்த வரிசையில் இருந்திருந்தால் அவருக்கே கொடுத்திருக்க வேண்டும். நான் கேட்பது, விண்ணப்பதாரர் தம் கட்டுரைகளில் சிறந்தவை என்று கருதும் நான்கைந்தைத் தாமே தேர்ந்து கொடுக்கட்டும். நேர்காணலுக்கு முன்பு குழுவில் இரண்டு பேராவது அவற்றை முழுதாகப் படித்திருக்க வேண்டும். ஒரு விண்ணப்பம் இரண்டு துறைகளைத் தொட்டால், இரண்டிலிருந்தும் ஒருவர் அந்த மேசையில் இருக்க வேண்டும். ஒருவர் படித்ததை மற்றவருக்கு விளக்கும் நேரம் கொடுக்க வேண்டும். திரும்பப் பெற்ற கட்டுரை இருந்தால், யார் கேட்டுத் திரும்பப் பெற்றார் என்று விசாரித்துவிட்டுப் புள்ளி போடுங்கள். வேண்டாம் என்று சொல்வதாக இருந்தால், எந்தக் கட்டுரையின் எந்தக் குறைக்காக வேண்டாம் என்கிறீர்கள் என்று எழுத்தில் கொடுங்கள். பெறுகிறவர் அதை வைத்துத் தம்மைத் திருத்திக்கொள்ளவாவது முடியும். 'கவனம் இல்லை' என்ற ஒரு வரியை வைத்து யாரும் எதையும் திருத்திக்கொள்ள முடியாது.

இவற்றுக்குப் புதுச் சட்டம் தேவையில்லை, பணமும் பெரிதாகத் தேவையில்லை. குழுத் தலைவர் மனம் வைத்தால் அடுத்த கூட்டத்திலேயே தொடங்கலாம். அடுத்த கல்வியாண்டுக்கான நேர்காணல்கள் நெருங்கிக்கொண்டிருக்கின்றன. உங்கள் பெயரில் வரப்போகும் அந்தக் கோப்பில், இரண்டு துறைகளில் கால் வைத்த ஒரு பிள்ளையின் விண்ணப்பம் இருக்கக்கூடும். கூட்டத்துக்கு முந்தைய நாளாவது அதைப் பிரித்து, அவர் எழுதிய கட்டுரைகளைப் படித்துவிட்டு வந்து உட்காருங்கள்.

இப்படிக்கு,
தாவர நோயியல் ஆசிரியை ஒருவர்